தீவும் பாம்பும்: யார் முதலில் வந்தவர்?

யூடியூபில் ‘பாம்புத் தீவு’ என்று தேடினால் ஒரே காணொளியின் நூறு நகல்கள் வந்து விழும். இரைச்சலான இசை, பிரேசில் வரைபடம், மஞ்சள் நிறப் பாம்பொன்று வாயைப் பிளக்கும் காட்சி. ஒரு சதுர மீட்டருக்கு ஐந்து பாம்புகள், கடித்தால் சதை உருகிவிடும், போனவர் எவரும் திரும்பியதில்லை என்று கரகரத்த குரலில் ஒருவர் சொல்வார். வேறொரு நாள் வேறொரு துணுக்கு வரும்: பாம்பைக் கொல்ல ஹெலிகாப்டரில் இருந்து எலி வீசினார்களாம். பாம்பை ஒழிக்கக் கீரியை விட்டார்களாம், அது முயலைத் தின்றுவிட்டதாம்.

எல்லாமே விநோதச் செய்திகளாகத் தனித்தனியே வருவதால் ஒன்றுக்கொன்று முரணாகத் தெரிகின்றன. ஓரிடத்தில் பாம்பு காக்கப்படுகிறது, இன்னோரிடத்தில் அரசுப் பணத்திலேயே கொல்லப்படுகிறது. உண்மையில் இவை எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது ஒரே கேள்விதான். அந்தத் தீவில் யார் யாரோடு எவ்வளவு காலம் சேர்ந்து வாழ்ந்திருக்கிறார்கள்? அதைப் பிடித்துக்கொண்டால் மற்றவை தானே புரியும்.

பாம்பு தீவுக்கு வந்த வழி

ஒரு தீவில் பாம்பு இருப்பதற்கு மூன்று வழிகள் உண்டு.

முதல் வழியில் பாம்பு எங்கும் போகவில்லை, கடல்தான் அதைத் தேடி வந்தது. சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன் பனியூழி உச்சத்தில் இருந்தபோது கடல்மட்டம் இன்றைவிட ஏறத்தாழ 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. பனி உருக உருகக் கடல் ஏறியது. கரையோரக் குன்றுகள் தீவுகளாயின. அந்தக் குன்றில் அன்றைக்கு இருந்த பாம்புகள் அங்கேயே மாட்டிக்கொண்டன. இந்தியாவில் காணும் பாம்புகள் பல இலங்கையிலும் இருப்பதற்குப் பெரிய காரணம் இதுதான். இடையில் தரைவழி இருந்தது, பிறகு அது மூழ்கியது.

இரண்டாவது, நீந்தியோ மிதந்தோ வருவது. பாம்புகள் நன்றாகவே நீந்தும். வெள்ளத்தில் அடித்துவரப்படும் மரத்தில் ஒட்டிக்கொண்டும் வரும். யாழ்ப்பாணத்தின் நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயில் தலபுராணத்தில், நாகம் ஒன்று பக்கத்துப் புளியந்தீவில் இருந்து அம்மனுக்குப் பூக் கவ்விக்கொண்டு கடலில் நீந்தி வருகிறது. கருடன் மறிக்கிறது. அந்தப் புராணத்துக்குச் சாட்சியாகக் கடலுக்குள் ‘பாம்பு சுற்றிய கல்’, ‘கருடன் கல்’ என்று இரண்டு பாறைகளை இன்றும் காட்டுவார்கள். கதை பக்தியின் பாற்பட்டது. ஆனால் பக்கத்துத் தீவுக்குப் பாம்பு நீந்தும் என்பதைத் தீவுக்காரர்கள் கண்ணால் பார்த்துத்தான் சொல்லியிருக்க வேண்டும்.

நீந்தினாலும் ஓர் எல்லை உண்டு. நியூசிலாந்தில் நிலத்தில் வாழும் பாம்பே கிடையாது. அயர்லாந்திலும் இல்லை. புனித பேட்ரிக் அவற்றைக் கடலுக்குள் விரட்டியதாக அங்கே ஐதீகம். பனி விலகிய பின் குளிர்ந்த கடலைத் தாண்டிப் பாம்பு அங்கே போய்ச் சேரவே இல்லை என்பதே உண்மை. விரட்டுவதற்கு ஒன்றும் இருந்ததில்லை.

மூன்றாவது வழி நாம். சரக்குப் பெட்டி, விமானச் சக்கரக் கூடு, பூந்தொட்டி எல்லாவற்றிலும் பாம்பு பயணம் செய்யும். நம் வீட்டுத் தொட்டி மண்ணில் மண்புழு போல நெளியும் புழுப்பாம்பைப் பார்த்திருப்பீர்கள். தெற்காசியாவைச் சேர்ந்த அந்த அப்பாவி, செடிகளோடு உலகம் முழுக்கப் போய், பாம்பே இல்லாதிருந்த ஹவாய்த் தீவுகளிலும் குடியேறிவிட்டது. அதில் ஆணே கிடையாது. எல்லாம் பெண். துணையில்லாமலே இனம் பெருக்கும். ஆகவே ஒரேயொரு புழுப்பாம்பு போதும், ஒரு தீவு அதன் வசமாகிவிடும். கறையானும் எறும்பு முட்டையும் தின்றுவிட்டுக் கிடப்பதால் யாரும் சண்டைக்குப் போவதில்லை.

கடல் சூழ்ந்து சிக்கிய பாம்பு அங்கே பல்லாயிரம் ஆண்டு வாழ்ந்தது. கப்பலேறி வந்த பாம்பு நேற்று வந்தது. இந்தக் கட்டுரை முழுக்க இந்த வேறுபாட்டின்மேல்தான் நிற்கிறது.

திருவிழாக் கடைக் கணக்கு

கோயில் வாசலில் ஒரு கடை. ஆண்டுக்கொருமுறை பத்து நாள் திருவிழா, அப்போது கால் வைக்க இடமிருக்காது. மற்ற நாட்களில் ஈ ஓட்ட வேண்டியதுதான். அந்தக் கடை நிலைக்க வேண்டுமென்றால் இரண்டு காரியம் செய்ய வேண்டும். பத்து நாளில் வருகிற கூட்டத்துக்கு வேண்டியதைத் தயாராக வைத்திருக்க வேண்டும், மீதி நாட்களில் செலவைச் சுருக்கிக்கொண்டு கிடக்க வேண்டும். இதைச் செய்யத் தெரியாத கடைகள் ஒவ்வொன்றாகச் சாத்தப்படும். சில தலைமுறை கழித்துப் போய்ப் பார்த்தால் அந்தத் தெருவில் மிஞ்சியிருப்பவை எல்லாம் திருவிழாவுக்கென்றே அமைந்த கடைகளாக இருக்கும். யாரும் உட்கார்ந்து திட்டம் போடவில்லை. தாங்கியவை நின்றன, அவ்வளவுதான்.

தீவுப் பாம்பின் வாழ்க்கையும் இதுவே. சிறு தீவில் எலி, தவளை என்று ஆண்டு முழுக்க இரை கிடைக்காது. ஆனால் வலசைப் பறவைகளோ முட்டையிட வரும் கடற்பறவைகளோ ஆண்டில் சில வாரம் கூட்டமாக வந்து இறங்கும். பாம்புக்கு ஒரு வசதி இருக்கிறது. நம்மைப் போல உடலைச் சூடாக வைத்திருக்கத் தீனி எரிக்க வேண்டியதில்லை, வெயிலே போதும். அதனால் சில வாரம் தின்றுவிட்டு மாதக்கணக்கில் சும்மா கிடக்க முடியும். அந்தச் சில வாரத்து இரையை விழுங்கத் தெரிந்த பாம்பு பிழைத்துக் குட்டி போடும். தெரியாதது சாகும். பிழைத்தவற்றின் இயல்பு தலைமுறை தலைமுறையாக மிகுந்துகொண்டே போகும். இதற்குத்தான் இயற்கைத் தேர்வு என்று பெயர்.

ஆஸ்திரேலியாவின் புலிப்பாம்பு இதைப் பாடம் போலக் காட்டுகிறது. தாஸ்மானியாவுக்கு வடக்கே பாஸ் நீரிணையில் சாப்பெல் தீவு இருக்கிறது. அங்கே ஒருவகைக் கடற்பறவை லட்சக்கணக்கில் வளை தோண்டி முட்டையிடும். அதன் குஞ்சுகள்தான் பாம்புக்கு இரை. குஞ்சு பொரிந்து, விழுங்க முடியாத அளவுக்கு வளர்ந்துவிடுவதற்குள் தின்றாக வேண்டும். அந்தச் சில வாரம்தான் திருவிழா. விளைவு: இந்தத் தீவுப் புலிப்பாம்புகள் பெருநிலத்துச் சொந்தங்களைவிடப் பெரியவை, இரண்டு மீட்டரை எட்டுவதும் உண்டு. அதே இனம், தெற்கு ஆஸ்திரேலியாவின் ராக்ஸ்பி தீவில் சிறு அரணைகளைத் தின்று குள்ளமாக நிற்கிறது. தீவுக்குப் போனால் பாம்பு பெரிதாகுமா சிறிதாகுமா என்று கேட்பவர்களுக்கு இதுதான் விடை. இரை எப்படியோ பாம்பும் அப்படி.

பெர்த் நகருக்கு அருகில் கார்னாக் என்றொரு குட்டித் தீவு. அங்கேயும் புலிப்பாம்புகள் கடற்காக்கைக் குஞ்சுகளைத் தின்கின்றன. தாய்ப் பறவை சும்மா இருக்குமா, கண்ணைக் கொத்தும். பல பாம்புகள் இரண்டு கண்ணும் போனவை. ஆனால் 1990களில் எடைபோட்டுப் பார்த்த ஆய்வாளர்களுக்கு வியப்பு. குருட்டுப் பாம்புகளும் பார்வையுள்ளவை அளவுக்கே கொழுத்திருந்தன. குஞ்சு ஓடாது, வாசனை போதும். தப்பி ஓடும் எலியைத் துரத்த வேண்டிய பெருநிலத்தில் இப்படிப்பட்ட பாம்பு ஒரு பருவம் தாண்டாது.

இதே பாம்புக் குட்டிகளை வளர்த்துச் செய்த சோதனையில் இன்னொன்றும் தெரிந்தது. பாம்பு அண்மையில் குடியேறிய தீவில், பெரிய இரை கொடுத்தால் குட்டியின் தாடை வளரும்போதே நீள்கிறது. நெடுங்காலமாகப் பிரிந்துகிடக்கும் தீவில் குட்டி பிறக்கும்போதே பெரிய தலையோடு பிறக்கிறது. முதலில் பழக்கமாக வந்தது பிறகு பிறவியிலேயே படிந்துவிட்டது.

சுருக்கமாக: தீவு பாம்பை வெறிபிடித்ததாக ஆக்குவதில்லை. அங்கே கிடைக்கும் ஓரிரண்டு வகை இரைக்கேற்றபடி அதைச் செதுக்குகிறது. அப்படிச் செதுக்கப்பட்டு, உலகில் வேறெங்கும் இல்லாமல் ஒரே இடத்தில் மட்டும் வாழும் உயிரினத்தை ஓரிட வாழ்வி என்பார்கள்.

அந்தப் பிரேசில் தீவு

இப்போது யூடியூப் தீவுக்கு வருவோம். அதன் பெயர் கெய்மாடா கிராண்டி. சாவோ பாலோ மாநிலக் கடற்கரையில் இருந்து 33 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. பரப்பு 43 ஹெக்டேர், அதாவது நூறு ஏக்கருக்குச் சற்று மேல். சுமார் 11,000 ஆண்டுகளுக்கு முன் கடல் ஏறியதில் துண்டானது. அங்கே சிக்கிய குழிவிரியனின் வழித்தோன்றல்தான் பொன்னிறத் தலையுள்ள அந்தப் பாம்பு. கண்ணுக்கும் மூக்குக்கும் நடுவே சூட்டை உணரும் குழி உள்ள விரியன்களைக் குழிவிரியன் என்கிறோம். சாவோ பாலோவின் புட்டான்டான் நிறுவனத்தில் இருந்த அஃப்ரானியோ டோ அமரால் இதைத் தனி இனமாக 1921இல் விவரித்தார்.

முதலில் அந்தச் சதுர மீட்டர் கணக்கைச் சரிபார்ப்போம். 43 ஹெக்டேர் என்பது 4,30,000 சதுர மீட்டர். மீட்டருக்கு ஐந்து என்றால் 21 லட்சம் பாம்புகள் வேண்டும். களத்தில் பிடித்து அடையாளமிட்டு விட்டு மீண்டும் பிடித்துக் கணக்கிட்டவர்கள் சொல்லும் எண்ணிக்கை 2,000 முதல் 4,000 வரை. சராசரியாக நூறு சதுர மீட்டருக்கு ஒன்றுகூட இல்லை. நெரிசல்தான் வேண்டுமென்றால் சீனாவின் தாலியன் நகரருகே ஷெதாவ் தீவு இருக்கிறது. முக்கால் சதுர கிலோமீட்டருக்கும் குறைவான இடத்தில் ஏறத்தாழ 20,000 குழிவிரியன்கள், அவையும் வலசைப் பறவைகளை நம்பி வாழ்பவை. அதை ஏனோ யாரும் திகில் இசை போட்டுக் காட்டுவதில்லை.

அடுத்து விஷம். பெருநிலத்தில் குழிவிரியன் எலியைக் கொத்தினால் உடனே விட்டுவிடும். எலி சிறிது தூரம் ஓடிச் சாகும், வாசனை பிடித்துப் பின்னாலேயே போய் எடுத்துக்கொள்ளும். பறவையைக் கொத்தி விட்டால்? அது பறந்து கடலில் போய் விழும். வாசனைத் தடமும் இருக்காது. ஆகவே இந்தத் தீவுப் பாம்பு பறவையைக் கவ்வினால் விடாது. அதன் விஷமும் பறவைகள்மேல் மிக வேகமாக வேலை செய்யும்படி அமைந்திருக்கிறது. ‘பெருநிலத்துப் பாம்பைவிடப் பலமடங்கு கொடியது’ என்று காணொளிகள் சொல்வது இதைத் திரித்துத்தான். விஷத்தின் வீரியம் யாரிடம் சோதிக்கிறோம் என்பதைப் பொறுத்தது. கோழிக்குஞ்சிடம் ஒரு விடை, எலியிடம் வேறொரு விடை. இந்தப் பாம்பு கடித்தால் மனிதருக்கும் ஆபத்துதான், ஐயமில்லை. ஆனால் இது மனிதரைக் கடித்ததாக அதிகாரபூர்வமான பதிவு ஒன்றுகூடக் கிடையாது.

தின்பதிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. தீவிலேயே வாழும் சிறு பறவைகள் பாம்பிடம் அதிகம் சிக்குவதில்லை. அவற்றுக்குப் பாம்பைத் தெரியும். சிக்குபவை வலசை வழியில் களைத்து இறங்கும் வழிப்போக்கர்கள். ஆண்டுக்கு இரண்டு மூன்று பறவை கிடைத்தாலும் சமாளித்துக்கொள்ளும் என்கிற அளவுக்கு இந்தப் பாம்பு சிக்கனக்காரன். குட்டிகளோ பூரானும் தவளையும் தின்று வளர்கின்றன.

கலங்கரை விளக்கக் காவலர் குடும்பத்தைப் பாம்புகள் கொன்றதாகச் சுற்றும் கதை? 1909இல் கலங்கரை விளக்கம் கட்டினார்கள், காவலர்கள் குடும்பத்தோடு இருந்தார்கள், 1920களில் அது தானியங்கி ஆனது, ஆட்கள் போய்விட்டார்கள். ஜன்னல் வழியாகப் பாம்புகள் புகுந்து குடும்பத்தையே கொன்றன என்பதற்கு ஆதாரம் இல்லை. இன்று பிரேசில் கடற்படையும் அனுமதி பெற்ற ஆய்வாளர்களும் தவிர யாரும் இறங்கக் கூடாது. தடை மனிதரைப் பாம்பிடமிருந்து காக்க மட்டுமில்லை, பாம்பை மனிதரிடமிருந்து காக்கவும்தான். ஒரு காலத்தில் தீ வைத்துக் காட்டை அழித்திருக்கிறார்கள், இன்றும் தீவின் ஒரு பகுதி வெறும் புல்வெளி. கள்ளச் சந்தையில் ஒரு பாம்புக்கு ஆயிரக்கணக்கான டாலர் கொடுக்க ஆளிருக்கிறது. உலகில் இருப்பதெல்லாம் இந்த நூறு ஏக்கரில்தான் என்பதால், ஒரு பெரிய தீயோ ஒரு நோயோ போதும், இனமே போய்விடும். இயற்கைப் பாதுகாப்புக்கான பன்னாட்டு ஒன்றியம் இதை மிக அருகிய இனம் என்று பட்டியலிட்டிருக்கிறது.

இந்தப் பாம்பின் விஷத்தில் இருந்துதான் ரத்த அழுத்த மாத்திரை வந்தது என்றும் ஒரு செய்தி சுற்றுகிறது. வந்தது இதன் பெருநிலச் சொந்தமான ஜராராக்காவின் விஷத்தில் இருந்து. 1960களில் செர்ஜியோ ஃபெரைரா அதில் கண்டுபிடித்த பொருளைத் தொடர்ந்து போனதில் கேப்டோப்ரில் உருவாகி, 1981இல் விற்பனைக்கு வந்தது. வீட்டில் யாராவது ‘ப்ரில்’ என்று முடியும் பி.பி. மாத்திரை போடுகிறார்கள் என்றால் அதன் மூதாதை ஒரு பிரேசில் விரியன்.

குவாம்: பாம்பு வந்தேறியான கதை

பசிபிக்கில் உள்ள குவாம் அமெரிக்க ஆட்சிப் பகுதி, பெரிய ராணுவத் தளம். இரண்டாம் உலகப் போர் முடிந்த சில ஆண்டுகளில், நியூகினிக்கு வடக்கே உள்ள அட்மிரால்டி தீவுகளில் இருந்து வந்த ராணுவச் சரக்கோடு பழுப்பு மரப்பாம்பு அங்கே இறங்கியது. நம் ஊர்ப் பூனைப்பாம்பின் ஒன்றுவிட்ட சகோதரன். மெலிந்த உடல், பெரிய கண், இரவில் மரமேறும். பின்பல்லில் லேசான விஷம், வளர்ந்தவர்களுக்குப் பெரிய ஆபத்தில்லை.

1960கள் தொடங்கிப் பறவைகள் குறைந்தன. தெற்கே முதலில், பிறகு நடுவே, பிறகு வடக்கே. பூச்சிக்கொல்லியா, நோயா என்று தேடினார்கள். ஜூலி சாவிட்ஜ் என்ற ஆய்வாளர் பாம்பு பரவிய வரைபடத்தையும் பறவை மறைந்த வரைபடத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். இரண்டும் பொருந்தின. 1987இல் அவர் கட்டுரை வெளியானபோது பலருக்கு நம்பிக்கை வரவில்லை, ஒரு பாம்பு இனம் ஒரு தீவின் காட்டுப் பறவைகளையே முடித்துவிடுமா என்று. முடித்துவிட்டது. காட்டில் வாழ்ந்த 12 உள்ளூர்ப் பறவை இனங்களில் 10 குவாமின் காட்டில் இருந்து காணாமல் போயின.

பிரேசிலில் பல்லாயிரம் ஆண்டு பாம்பும் பறவையும் சேர்ந்து வாழ முடிந்தது, இங்கே நாற்பது ஆண்டில் எல்லாம் முடிந்தது. ஏன்? குவாமின் பறவைகள் இரவில் மரமேறிக் கூட்டுக்கு வரும் எதிரியைப் பார்த்ததே இல்லை. ஒளித்துக் கூடு கட்ட, விழித்துக்கொள்ள, இடம் மாற எந்தப் பழக்கமும் அவற்றுக்கு வாய்க்கவில்லை. இரண்டாவது காரணம் இன்னும் முக்கியம். பொதுவாக இரை குறைந்தால் வேட்டையாடியும் பட்டினியில் குறையும், இரைக்கு மூச்சுவிட நேரம் கிடைக்கும். குவாமில் மனிதர் கொண்டுவந்த எலிகளும் பல்லிகளும் ஏராளமாக இருந்தன. பறவை தீர்ந்தாலும் பாம்புக்குச் சாப்பாடு தீரவில்லை. கடைசிப் பறவைவரை தேடித் தின்னும் அளவுக்கு அது பெருகியே இருந்தது.

பிறகு நடந்தவை யாரும் எதிர்பாராதவை. பூச்சி தின்னும் பறவை இல்லாததால் சிலந்திகள் பெருகின. பக்கத்துத் தீவுகளோடு ஒப்பிட்டபோது மழைக்காலத்தில் 40 மடங்குவரை. காட்டுக்குள் நடப்பவர்கள் முகத்தில் வலை ஒட்டாமலிருக்கக் குச்சியை முன்னால் வீசிக்கொண்டே போவார்கள். பழம் தின்று விதை பரப்பும் பறவை இல்லாததால் மரக்கன்றுகள் தாய்மரத்தடியிலேயே முளைத்து மடிகின்றன. பாம்பு மின்கம்பி ஏறிச் செய்யும் மின்தடை வேறு, ஆண்டுக்கு நூற்றுக்கணக்கில்.

ஹெலிகாப்டர் எலிக் கதை உண்மைதான். காய்ச்சலுக்கு நாம் போடும் பாராசிட்டமால் 80 மில்லிகிராம் உள்ளே போனால் இந்தப் பாம்பு செத்துவிடும். நம் 650 மாத்திரையில் எட்டில் ஒரு பங்கு. பெரும்பாலான பாம்புகள் செத்ததைத் தொடாது, இது தொடும். அந்தப் பலவீனத்தைப் பிடித்துக்கொண்டு, செத்த எலிக்குஞ்சுக்குள் மருந்து வைத்து, மரக்கிளையில் மாட்டிக்கொள்ளும்படி காகித நாடா கட்டி மேலிருந்து வீசினார்கள். பெரிய அளவில் 2013இல் செய்தார்கள். முற்றிலும் ஒழிக்க இதுவரை முடியவில்லை. இப்போதைய பெரிய வேலை, பாம்பு குவாமை விட்டு வெளியேறாமல் பார்த்துக்கொள்வது. விமான நிலையத்திலும் துறைமுகத்திலும் மோப்ப நாய்கள் ஒவ்வொரு சரக்கையும் முகர்கின்றன. ஹவாயில் சட்டவிரோதமாகப் பாம்பு கொண்டுவந்தால் மூன்றாண்டு சிறையும் இரண்டு லட்சம் டாலர்வரை அபராதமும் உண்டு. ஹவாய்க்காரர்களின் கெடுபிடிக்குப் பின்னால் இருப்பது குவாம்.

பறக்கத் தெரியாத கோக்கோ என்ற குவாம் பறவையைக் கூண்டில் வளர்த்துப் பக்கத்துத் தீவுகளில் விட்டார்கள். 2019இல் அதைக் ‘காட்டில் அழிந்தது’ என்ற பட்டியலில் இருந்து எடுக்க முடிந்தது. அப்படி எடுக்கப்பட்ட பறவைகள் உலகத்திலேயே மிகச் சில.

இப்படி மனிதர் மூலம் புதிய இடத்துக்குப் போய் அங்குள்ளவற்றைக் குலைக்கும் உயிரினத்தை அயல் ஊடுருவி என்பார்கள். அயலில் இருந்து வந்த எல்லாமே ஊடுருவி ஆகிவிடாது. நம் புழுப்பாம்பு அயல்தான், ஆனால் குவாமில் நடந்ததைப் போல எங்கும் அது செய்ததில்லை. ஸ்பெயினின் இபிசா தீவில் நடப்பது இன்னொரு குவாம். பணக்காரர் தோட்டங்களுக்கு அழகுக்காகப் பெருநிலத்தில் இருந்து வேரோடு கொண்டுவந்த முதிய ஆலிவ் மரங்களின் பொந்துகளில் ஒளிந்து, 2003 வாக்கில் பாம்புகள் வந்தன. தீவின் அடையாளச் சின்னமான வண்ணப் பல்லி இப்போது இடம் இடமாக மறைந்து வருகிறது.

கீரியை விட்டால் தீராது

பாம்பும் கீரியும் போல என்று நாம் சொல்வதைப் போலவே உலகம் முழுக்க நம்பினார்கள். ஜப்பானின் தெற்குத் தீவுகளில் ஹாபு என்ற கொடிய குழிவிரியன் உண்டு. அதை ஒழிக்க 1910இல் ஒகினாவாவில் கீரிகளை விட்டார்கள், 1979இல் அமாமி ஒஷிமாவில் சுமார் 30. கீரி பகலில் வேட்டையாடும். ஹாபு இரவில் வெளியே வரும். இரண்டும் சந்தித்துக்கொள்வதே அரிது. மேடையில் கூட்டம் கூட்டிச் சண்டைக்கு விட்டால் கீரி ஜெயிக்கும், காட்டில் அதற்கு அந்த வேலை எதற்கு? எளிதான இரை இருந்தது. உலகில் வேறெங்கும் இல்லாத அமாமிக் கருமுயலைத் தின்றது. பிறகு கீரியை ஒழிக்கப் பொறிகளும் மோப்ப நாய்களுமாக இருபது ஆண்டுக்கு மேல் உழைத்து, 2024 செப்டம்பரில் அமாமியில் கீரி இல்லை என்று அறிவித்தார்கள். ஹாபு இன்னும் இருக்கிறது.

கரீபியனில் இதே கதை, முடிவு வேறு. கரும்புத் தோட்டத்து எலிகளுக்காக 19ஆம் நூற்றாண்டில் இந்தியக் கீரிகளைக் கப்பலேற்றிக் கொண்டுபோனார்கள். ஆன்டிகுவாவில் எலிகள் பிழைத்தன, யாரையும் எதுவும் செய்யாத ஒரு சாதுவான பாம்பு அழிந்தது. அழிந்தே போனதாகத்தான் நினைத்தார்கள். 1995இல் கரைக்கப்பால் கீரி போகாத பத்து ஹெக்டேர் தீவு ஒன்றில் சுமார் 50 பாம்புகள் மிஞ்சியிருப்பது தெரிந்தது. அங்கிருந்த எலிகளை ஒழித்து, வேறு சில குட்டித் தீவுகளிலும் விட்டு வளர்த்ததில் இன்று ஆயிரத்தைத் தாண்டிவிட்டன.

மனிதர் மனம் மாறிய ஏரித் தீவு

கடலில்தான் தீவு இருக்க வேண்டும் என்பதில்லை. அமெரிக்க, கனடா எல்லையில் உள்ள ஈரி ஏரித் தீவுகளில் விஷமில்லாத தண்ணீர்ப் பாம்பு ஒன்று வாழ்கிறது. பெருநிலத்தில் இதற்குக் கறுப்புப் பட்டைகள் இருக்கும், தீவில் பெரும்பாலும் இருக்காது. வெளிறிய சுண்ணாம்புப் பாறைக் கரையில் பட்டையோடு கிடந்தால் பறவைகளின் கண்ணில் பட்டுவிடும். பட்டை இல்லாதவை தப்பித்தன.

ஆனால் இதன் பெரிய எதிரி கோடை விடுமுறைக்கு வரும் மனிதர்கள். படகுத் துறையில் கொத்துக் கொத்தாக வெயில் காயும் பாம்பைக் கண்டால் துடுப்பால் அடித்துக் கொன்றார்கள். எண்ணிக்கை சரிந்து 1999இல் இது அருகும் இனப் பட்டியலில் ஏறியது. அதன்பின் பிரசாரம், பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாம்பைக் கையில் கொடுத்துப் பழக்குவது, நிலம் வாங்கிப் பாதுகாப்பது என்று வேலை நடந்தது. கூடவே எதிர்பாராத உதவியும் வந்தது. கருங்கடல் பக்கத்தில் இருந்து கப்பல்கள் எடைக்காக ஏற்றிவரும் நீரோடு வந்த கோபி என்ற சிறு மீன் 1990களில் ஏரியெங்கும் பெருகியது. அதுவும் அயல் ஊடுருவிதான். பாம்புகள் அதைப் பிடித்துத் தின்று வேகமாக வளர்ந்து, அதிகக் குட்டி போட்டன. சில ஆண்டுகளில் அவற்றின் தீனியில் பத்தில் ஒன்பது பங்கு கோபியே. மீட்பு இலக்கான 5,555 வளர்ந்த பாம்புகளைத் தாண்டிப் பல ஆண்டு நிலைத்ததால் 2011இல் பட்டியலில் இருந்து எடுத்துவிட்டார்கள். அயல் உயிரினம் வந்தால் எப்போதும் கேடுதான் என்று மனப்பாடமாகச் சொல்பவர்களுக்கு இந்த மீன் ஒரு தலைவலி.

இதுவரை பார்த்ததில், பாம்பு புதிதாக வந்த இடத்தில் உள்ளூர் உயிர்கள் அழிகின்றன. பாம்பு பழையதாக இருந்து கீரி, எலி, மனிதர் போன்றவை புதிதாக வந்த இடத்தில் பாம்பு அழிகிறது.

கடிபட்டால்: தீவுக்கு வேறு மருந்து

கடைசியாக, நம்மை நேராகத் தொடும் ஒரு விஷயம். பாம்புக்கடிக்கு ஊசி போடுவார்கள், எந்தப் பாம்பாக இருந்தாலும் அது கேட்கும் என்று பலர் எண்ணுகிறார்கள். அந்த ஊசிமருந்து நச்சுமுறிவு மருந்து. பாம்பின் விஷத்தைச் சிறிது சிறிதாகக் குதிரைக்குச் செலுத்தி, குதிரையின் ரத்தத்தில் உருவாகும் எதிர்ப்பொருளைப் பிரித்தெடுத்துச் செய்வது. எந்த விஷத்தைக் குதிரை பார்த்ததோ அதைத்தான் மருந்தும் அடையாளம் காணும்.

இந்திய மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்ற நான்கின் விஷத்தில் தயாராகிறது. அதற்கான விஷத்தில் பெரும்பங்கு மாமல்லபுரத்துக்கு அருகே வடநெம்மேலியில் 1978இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தில் இருந்து போகிறது. இலங்கையும் இந்த மருந்தையே வாங்குகிறது. பிரிந்துபோன தீவில் அதே கண்ணாடி விரியனின் விஷமும் காலப்போக்கில் சற்றே வேறாகிவிட்டதால், இங்கத்திய மருந்து அங்கே அதே திறனோடு வேலை செய்வதில்லை. மருந்து கூடுதலாகத் தேவைப்படலாம், ஒவ்வாமையும் வரலாம்.

இலங்கையில் அதிகம் கடிப்பவற்றில் ஒன்று மூக்கு மேல்நோக்கி வளைந்த சிறு குழிவிரியன். ரப்பர், தேயிலைத் தோட்டச் சருகுக்குள் கிடக்கும், அதற்கு இந்த மருந்து பயன்படாது. பெரும்பாலோருக்கு வீக்கமும் வலியுமாகப் போகும், சிலருக்குச் சிறுநீரகம் பாதிக்கும், இறந்தவர்களும் உண்டு. இலங்கையில் 2012, 2013இல் நாடு முழுக்க வீடு வீடாகக் கேட்டு எடுத்த கணக்கெடுப்பில் ஆண்டுக்குச் சுமார் 80,000 கடிகளும் 400 சாவுகளும் தெரியவந்தன. அந்தமான் நாகமும் அந்தமான் குழிவிரியனும் அந்தத் தீவுகளுக்கே உரியவை. இந்தியாவின் நான்கு பாம்புப் பட்டியலில் இரண்டும் இல்லை.

அதனால்தான் இந்தத் தீவுகளில் உள்ள மருத்துவர்கள் ‘என்ன பாம்பு?’ என்று திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். அதற்காகப் பாம்பைத் தேடி அடித்து எடுத்துக்கொண்டு போக வேண்டியதில்லை, இரண்டாவது ஆளுக்கும் கடி விழும். பாம்பு தள்ளி நின்றால் கைபேசியில் ஒரு படம், முடியாவிட்டால் அதுவும் வேண்டாம். கீறிவிடாமல், இறுக்கிக் கட்டாமல், கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் வைத்து நேராக மருத்துவமனைக்குப் போவதுதான் செய்ய வேண்டியது.